மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு

கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார், பிள்ளைக்குப் பணம் அனுப்புவதில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற பதில் "கொஞ்சம் பொறுத்திரு" என்பதுதான். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பொறுமைக்கு மாதம் எத்தனை ரூபாய் செலவாகிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஜீவனாம்ச வழக்கில் பணம் கணக்கிடப்படுவது நாம் கோர்ட்டில் மனு போட்ட தேதியிலிருந்து. அவர் வீட்டை விட்டுப் போன தேதி அந்தக் கணக்கில் வராது. இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே என் மகளுக்குச் சேர வேண்டிய பெரிய தொகை கைநழுவிப் போனது. மதுரையில் என்னைப் போல எத்தனையோ பேர் இதே வரிசையில் நிற்கிறார்கள் என்பதை அந்த கோர்ட் வராந்தாவில் பார்த்துவிட்டேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் செல்லூர்க்காரி. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. 2013இல் கல்யாணம். அவர் ஊர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். 2015இல் மகள் பிறந்தாள். அவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினால் ஞாயிறு விடியும்போது ஆரப்பாளையத்தில் இறங்கிவிடுவார். வாரா வாரம் வந்தவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றார், அப்புறம் மாதம் ஒருமுறை. 2020 ஊரடங்கு வந்ததும் வராமல் இருக்க நல்ல காரணம் கிடைத்தது. ஊரடங்கு முடிந்த பிறகும் வரவில்லை. அனுப்பிக்கொண்டிருந்த 5,000 ரூபாய் 3,000 ஆகி, 1,000 ஆகி, அந்த வருடக் கடைசியில் அடியோடு நின்றது. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்பது வேறு யாரோ வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. கூச்சம்தான் வந்தது, ஏதோ நான் தப்பு செய்த மாதிரி. கடையில் யாரும் கேட்டால் "லீவு கிடைக்கலையாம்" என்று சொல்லியே பல மாதம் ஓட்டினேன்.

முதலில் குடும்பப் பஞ்சாயத்து. என் தாய்மாமனும் கணவருடைய பெரியப்பாவும் உட்கார்ந்து பேசினார்கள். "கேஸுன்னு போயிட்டா அத்தோட உறவு அத்துப்போகும்த்தா, ஆம்பள இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குத் திரும்பி வருவான்" என்றார் பெரியப்பா. என் கணவரை ஒருவழியாக வரவழைத்து, மாதம் 4,000 ரூபாய் தருவதாக 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஓரிரு மாதம் வந்தது, நின்றது. மறுபடி பேச்சு, மறுபடி வாக்குறுதி. இப்படியே 2022 நடுப்பகுதி வந்துவிட்டது. கடைசியில் கோர்ட் எனக்கும் மகளுக்குமாக மாதம் 7,500 ரூபாய் என்று தீர்ப்புச் சொன்னது. பஞ்சாயத்தில் கழிந்த அந்த ஒன்றரை வருடத்தை அதே விகிதத்தில் பெருக்கிப் பாருங்கள், 1,35,000 ரூபாய். அதற்கு இனி யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மனுவைப் போட்டுவிட்டுப் பேசலாம். சமாதானம் ஆகிவிட்டால் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம், போன தேதியைத் திரும்ப வாங்க முடியாது. இன்னொன்று, பஞ்சாயத்தில் எதைப் பேசினாலும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பத்திரத்தால் பணம் வரவில்லை என்றாலும், அவர் பிரிந்து வாழ்கிறார், குழந்தை தன்னுடையது, மாதம் 4,000 தருகிற அளவுக்கு வருமானம் இருக்கிறது என்ற மூன்றையும் அவரே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சியானது.

அதன் பிறகு மகளிர் காவல் நிலையத்துக்கும் போனேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூப்பிட்டு விசாரித்தார்கள், பணம் கொடுத்துவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், கொடுக்கவில்லை. ஜீவனாம்சத்துக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் போலீஸுக்குக் கிடையாது, கோர்ட்டுக்குத்தான் உண்டு. அடி உதை, மிரட்டல் இருந்தால் கட்டாயம் போக வேண்டும், புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அந்த பெஞ்சில் உட்கார்ந்து நாளைக் கழிக்க வேண்டாம்.

அடுத்து வக்கீல். தெரிந்தவர் ஒருவர் கைகாட்டிய வக்கீலிடம் போனேன். 30,000 ரூபாய் ஃபீஸ், பாதியை முன்பணமாகக் கட்டச் சொன்னார். கம்மலை அடகு வைத்து 15,000 கொடுத்தேன். மனுவைத் தாக்கல் செய்தது 2022 ஜூன் மாதம். அதற்கு மட்டும் இன்றுவரை அவருக்கு நன்றி சொல்வேன். அதன்பிறகு போன் எடுத்தால் குமாஸ்தாதான் பேசுவார். "நம்பர் ஆகலம்மா, ரிட்டன் ஆயிருக்கு, திருத்திப் போடணும்" என்பார், அதாவது மனுவுக்கு இன்னும் வழக்கு எண் கொடுக்காமல் கோர்ட் திருப்பியிருக்கிறது. என்ன திருத்தம் என்று கேட்டால் பதில் வராது. மீதி 15,000 கொடுத்தால்தான் ஃபைல் நகரும் என்பது கொஞ்ச நாளில் புரிந்தது. கடையில் பீஸ் வெட்டுகிற அக்கா ஒருத்தி, தன் தங்கை கதையைச் சொல்லும்போது இலவச வக்கீலைப் பற்றிச் சொன்னார். நான் நம்பவில்லை. இலவச வக்கீல் என்றால் ரேஷன் அரிசி மாதிரி, பேருக்குத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

உண்மையில் அது சட்டத்திலேயே இருக்கிறது. 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் கேட்கிற உரிமை உண்டு. வருமான வரம்பு கிடையாது. "நீங்க வேலைக்குப் போறீங்களே" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், வழக்கு விவரம், அவ்வளவுதான். ஒரு பெண் வக்கீலை நியமித்தார்கள். பழைய வக்கீலிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வக்காலத்து மாற்ற வேண்டியிருந்தது. அதற்குக் கொஞ்சம் அலைச்சல். அந்த அலைச்சலில் எனக்கு இருந்த ஒரே நிம்மதி, அசல் சான்றிதழ்கள் எதுவும் பழைய வக்கீலிடம் இல்லை என்பது. பிறப்புச் சான்றிதழோ கல்யாணப் பத்திரிகையோ, யாருக்கும் நகல் மட்டும் கொடுங்கள். அசலை நீதிபதி கேட்கும்போது காட்டினால் போதும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம், அது சட்ட உதவிக்கான தேசிய எண்.

புது வக்கீல் அம்மா முதல் நாளே என் பயம் ஒன்றைத் தீர்த்துவைத்தார். என் கணவர் திருப்பூரில் இருப்பதால் அங்கேதான் கேஸ் போட வேண்டுமோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படி அலைவது என்று நான் கலங்கிக்கொண்டே இருந்தேன். மனைவி வசிக்கிற ஊரிலேயே ஜீவனாம்ச மனு போடலாம், மதுரைக் குடும்ப நல நீதிமன்றமே போதும், அலைய வேண்டியது அவர்தான். நான் போட்டபோது அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆவது பிரிவு. 2024 ஜூலை 1ஆம் தேதிக்குப் பிறகு போடுகிறவர்களுக்கு அதுவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. எண் மாறியிருக்கிறது, விஷயம் அதேதான். அடித்துத் துன்புறுத்திய கதையும் சேர்ந்து இருந்தால் 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் பணம் கேட்கலாம், அதற்குச் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். எனக்கு அது பொருந்தவில்லை.

மனுவில் நான் முதல் மனுதாரர், மகள் இரண்டாவது மனுதாரர். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். வக்கீல் அம்மா விளக்கினார்: "உங்க பங்கை நீங்க விட்டுக் கொடுக்கலாம், அது உங்க இஷ்டம். பாப்பாவோட பங்கை விட்டுக் கொடுக்க உங்களுக்கே உரிமை இல்லை." நான் சம்பாதிக்கிறேன் என்பதாலும் பிள்ளையின் பங்கு காணாமல் போகாது. எங்கள் தெருவில் தாலி கட்டாமல் கூடவே வாழ்ந்து பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒருவன் போய்விட்டான். அந்தப் பெண் கோர்ட்டுப் பக்கமே போக மாட்டேன் என்கிறாள், கல்யாணத்துக்கு ஆதாரம் இல்லையே என்று. பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கக் கல்யாணம் நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. தகப்பன் யார் என்பதுதான் கேள்வி.

ஆவணங்களாக நான் கொடுத்தவை: பத்திரிகை, கல்யாண போட்டோ, தகப்பன் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஸ்கூல் ஃபீஸ் ரசீதுகள், வேன் கட்டணம், ஒருமுறை காய்ச்சலில் அட்மிட் ஆனபோது கட்டிய ஆஸ்பத்திரி பில், அவர் முன்பு பணம் போட்ட என் பாஸ்புக் பக்கங்கள். இதில் பாஸ்புக்கும் ஃபீஸ் ரசீதும்தான் கடைசிவரை பேசின. பிள்ளைக்காகச் செலவழிக்கிற எதற்கும் பில் வாங்கி ஒரு கவரில் போட்டு வைக்கிற பழக்கம் இப்போது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

இனி சம்மன். வழக்கிலேயே அதிகம் வெறுப்பேற்றியது இதுதான். திருப்பூரில் அவர் இருந்த லைன் வீட்டு முகவரிக்கு அனுப்பிய சம்மன் "இடம் மாறிச் சென்றுவிட்டார்" என்று திரும்பியது. கம்பெனி முகவரிக்கு அனுப்பியது, அப்படி யாரும் இல்லை என்று திரும்பியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையில் லீவு சொல்ல வேண்டும், சம்பளம் பிடிப்பார்கள், போனால் "சம்மன் சார்வு ஆகலை", அதாவது அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று அடுத்த தேதி. கோர்ட் வாசலில் நின்று கத்த வேண்டும்போல இருக்கும். கடைசியில் எனக்குத்தான் தோன்றியது. எங்கே ஒளிந்தாலும் மகாசிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட அவர் ஊருக்கு வந்தே ஆக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்தில் மாசிப் பச்சைக்கு வராத பங்காளி இல்லை. வக்கீல் அம்மா ஊர் முகவரியைச் சேர்த்து, அந்த எல்லைக் காவல் நிலையம் வழியாகச் சம்மன் அனுப்ப ஏற்பாடு செய்தார். கோயிலில் வைத்தே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆகவே மனு போடும்போதே இருக்கிற முகவரி, சொந்த ஊர் முகவரி, வேலை செய்கிற இடம் மூன்றையும் பின்கோடோடு கொடுங்கள். அவர் எந்தத் திருவிழாவுக்கு, யார் வீட்டுக் காதுகுத்துக்கு வருவார் என்பதும் ஒரு தகவல்தான். வேண்டுமென்றே சம்மனைத் தவிர்க்கிறார் என்று நீதிபதிக்குப் பட்டால் அவர் இல்லாமலேயே வழக்கை நடத்தவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அப்படி வந்த எக்ஸ்பார்ட்டி உத்தரவை, தக்க காரணம் காட்டி மூன்று மாதத்துக்குள் ரத்து செய்யக் கேட்கலாம் என்பதால் நேரில் வரவழைப்பதே நல்லது.

வந்தார். முதலில் கவுன்சிலிங். அங்கே அவர் அழுதார். என் மாமியாரும் அழுதார். "சேர்ந்து வாழத் தயார்" என்று எழுதியே கொடுத்தார். ஒரு நிமிஷம் மனசு ஆடியது என்பதை மறைக்க விரும்பவில்லை. வெளியே வந்ததும் வக்கீல் அம்மா, இப்படிச் சொல்வது பல கேஸ்களில் வழக்கம் என்றார். கூப்பிட்டும் மனைவி தக்க காரணமில்லாமல் வர மறுத்தால் அவளுக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று ஒரு விதி இருக்கிறது, அதற்காகத்தான் இந்த அழைப்பு. ஆனால் கணவன் வேறொரு பெண்ணோடு வாழ்கிறான் என்பதே மறுப்பதற்குத் தக்க காரணம், அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. பிள்ளையின் பங்குக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமே கிடையாது.

அடுத்ததாக மொத்தத் தொகை. ஒன்றரை லட்ச ரூபாய் கையில் தருகிறோம், பிள்ளைக்கும் சேர்த்து இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதி, விவாகரத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிடு என்றார்கள். ஒன்றரை லட்சத்தை நான் மொத்தமாகப் பார்த்ததே இல்லை. அடகில் கம்மல் கிடக்கிறது, வட்டி ஏறுகிறது. என் அம்மாவே "வாங்கிக்கடி, விட்டது சனியன்னு இரு" என்றார். அன்று ராத்திரி பில் போடுகிற கால்குலேட்டரில் கணக்குப் போட்டேன். மகளுக்கு 18 வயசாக அப்போது ஏறக்குறைய பதினோரு வருடம், 132 மாதம். ஒன்றரை லட்சத்தை வகுத்தால் மாதம் 1,136 ரூபாய். வேன் கட்டணத்துக்கே காணாது. மறுநாள் முடியாது என்று சொல்லிவிட்டேன். மொத்தத் தொகை பேசினால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை, ஆனால் முதலில் மாதத்தால் வகுத்துப் பாருங்கள். என் பங்குக்கு அப்படி ஒரு தொகை பேசலாமா என்று பிறகு யோசித்தேன், பிள்ளையுடையதைத் தனியே வைத்துக்கொண்டு.

வருமானம் பற்றிய சண்டை அதற்கப்புறம். அவர் கவுண்டரில், அதாவது பதில் மனுவில், மாதம் 9,000தான் சம்பளம், அம்மாவுக்கு வைத்தியச் செலவு, கடன் என்று எழுதியிருந்தார். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் எவ்வளவு வாங்குவார் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் வாரச் சம்பளம், அதிலும் பாதி கையில் வாங்குகிற ரொக்கம், நிரூபிக்க வேண்டுமே. இதில் கைகொடுத்தது 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொன்ன தீர்ப்பு. அதன்படி இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்து பணம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதியாகச் சொல்லப்பட்டதுதான். நான் என் 11,000 ரூபாய்ச் சம்பளத்தை, கையில் இருந்த கொஞ்ச நகையை, அடகு ரசீதை எல்லாம் உள்ளபடியே எழுதினேன். எதையாவது மறைத்துப் பிடிபட்டால் மீதி எல்லாமும் பொய்யாகிவிடும். அவர் புது பைக்கை மறைத்தார். அது வாங்கிய அன்றைக்கு மாலை போட்டு எடுத்த படம் ஸ்டேட்டஸில் இருந்தது, என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. ஸ்கிரீன்ஷாட்டை வெறுமனே பிரிண்ட் எடுத்து நீட்டினால் ஏற்க மாட்டார்கள், மின்னணு ஆவணத்துக்கான சான்று ஒன்றைக் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும், அதை வக்கீல் தயார் செய்துகொடுப்பார். மாதத் தவணையே கட்டுகிற ஆளுக்கு 9,000 சம்பளம் எப்படி என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. வேலையே இல்லை என்று சொல்கிற கணவர்களுக்கும் 2022இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது: உடல் வலு இருந்தால் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும்.

வழக்கு முடிகிறவரை இடைக்காலமாக மகளுக்கு 4,000 ரூபாய் உத்தரவானது. இடைக்கால மனுவை நோட்டீஸ் சார்வு ஆன 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு அதைவிட நிறைய ஆனது. ஆனாலும் மனு போடும்போதே இடைக்கால மனுவையும் சேர்த்துப் போடுங்கள், தனியே கேட்காவிட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

அலைச்சலைக் குறைத்த இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, இ-கோர்ட்ஸ் செயலி. வழக்குக்கு சி.என்.ஆர். என்று எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க எண் ஒன்று உண்டு. அதைப் போனில் போட்டு வைத்தால் அடுத்த தேதி, நேற்று என்ன நடந்தது எல்லாம் தெரியும், குமாஸ்தாவைக் கெஞ்ச வேண்டாம். இன்னொன்று பிங்க் பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு கோர்ட்டுக்குப் போகிற பஸ் காசாவது மிஞ்சியது. சிரிக்காதீர்கள், அடிக்கடி போகிறவளுக்கு அது பெரிய காசு.

மகளை ஒருமுறை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அவளை எப்படித் தயார்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்பாவைப் பார்க்கப் போறோம்" என்று மட்டும் சொன்னேன், அவள் பிறந்தநாள் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கே அவர் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார், அவள் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு எரிச்சலா, பாவமா, பொறாமையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. வீட்டுக்கு வந்து, "அப்பா நல்லவங்கதானே, அப்புறம் ஏன் நீ கேஸ் போட்ட?" என்று கேட்டாள். உன் ஸ்கூல் ஃபீஸில் அப்பாவுக்கும் பங்கு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குகிற இடம் அது என்று சொன்னேன். அவளிடம் அவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை.

2024 மார்ச்சில் உத்தரவு வந்தது. மகளுக்கு 5,000, எனக்கு 2,500, மனு போட்ட தேதியிலிருந்து. பாக்கி மட்டும் 1,57,500 ரூபாய். அவர் இடைக்காலமாகக் கட்டிய 16,000 போக 1,41,500. கடையில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு யாராவது, உத்தரவு வேறு பணம் வேறு என்று சொல்லியிருந்தால் அந்தக் காசையாவது மிச்சம் பிடித்திருப்பேன்.

ஏனென்றால் ஒரு பைசா வரவில்லை. உத்தரவை நிறைவேற்றத் தனியாக மனு போட வேண்டும். இங்கேதான் இன்னொரு கெடு இருக்கிறது, தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாக்கித் தொகை கொடுக்கப்பட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டால்தான் அந்தத் தொகைக்கு வாரண்ட் கேட்க முடியும். "கொடுத்துடுவாரு, கொடுத்துடுவாரு" என்று ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். முதல் மனு நடந்துகொண்டிருக்கும்போதே புதிய மாதங்களின் பாக்கி சேரும், அதற்கு அடுத்த மனு. நான் வீட்டுத் தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதியில் வந்தது, வரவில்லை என்று எழுதிக் கிழிக்காமல் எடுத்து வைக்கிறேன். மனு எழுதும்போது வக்கீல் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

வசூல் மனுவில் வாரண்ட் வரை போனது. பணம் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டா கணக்குத் தீர்ந்துச்சு" என்று அவர் பக்கத்து ஆட்கள் பேசிக்கொண்டார்கள். தீராது. சிறை என்பது கட்ட வைக்கிற வழிதான், கடனை அடைப்பது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது. வாரண்டைக் காட்டி ஊர் ஸ்டேஷனிலிருந்து ஆள் போன மறுநாளே அவருடைய அண்ணன் 50,000 ரூபாயோடு வந்தார். ரொக்கமாக. வீட்டிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் வாங்கவில்லை, கோர்ட்டில் கட்டச் சொன்னேன். இடைக்காலப் பணம் நடந்த நாட்களில் "பிள்ளை கையில் 10,000 கொடுத்தேன்" என்று அவர் கூண்டில் நின்று சொன்னதை மறக்கவில்லை. பணம் என்றால் பேங்க் வழியாக மட்டும். முடிந்தால் உத்தரவிலேயே கணக்கு எண்ணையும், எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சம்பளத்தில் பிடித்துத் தரச் சொல்லிக் கேட்கவும் வழி உண்டு, நாங்கள் முயன்றோம், அதற்குள் அவர் கம்பெனி மாறிவிட்டார். அரசு வேலை, பெரிய கம்பெனி வேலை பார்க்கிற கணவர்களிடம் அது நன்றாகச் செல்லும், வாரச் சம்பளக்காரரிடம் செல்லாது.

மொத்தச் செலவு என்று பார்த்தால், பழைய வக்கீலுக்குக் கொடுத்த 15,000, அதற்கான அடகு வட்டி, பிடித்த சம்பளம், நகல் வாங்கிய காசு, டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயைத் தாண்டும். வந்திருப்பது பாக்கியில் பெரும்பகுதி. மாதத் தொகை இப்போது வருகிறது, சில மாதம் தாமதமாக, சில மாதம் பாதியாக. விடுபட்டதற்கு மனு நிலுவையில் இருக்கிறது.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். ஃபீஸ் ஏறிவிட்டது, 5,000 போதவில்லை. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டச் சொல்லி மனு போடலாம், புதுச் சட்டத்தில் அது 146ஆவது பிரிவு. வக்கீல் அம்மா புதிய ஃபீஸ் ரசீதையும் டியூஷன் ரசீதையும் கேட்டிருக்கிறார். டியூஷன் டீச்சர் ரசீது தர யோசிக்கிறார், "கோர்ட் கேஸுன்னா எனக்குப் பயம்ங்க" என்கிறார். அதற்குப் பதில் அவருக்கு ஜிபேயில் பணம் அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன், ஸ்டேட்மென்ட்டே ரசீதாகிவிடும்.